இடுப்புத்தளச் சிகிச்சையில் அக்குபங்சர்: ஸ்காபரோ வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 36. கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் வசிக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்கு 14 மாதம். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன். இருமினாலும் தும்மினாலும் சலம் கசிகிறது. வேலையால் வந்து கதவில் திறப்பைப் போட்டவுடன் அடக்க முடியாமல் ஓடுகிறேன். கணவரோடு சேரும்போது இடப்பக்கம் உள்ளே கடுமையாக வலிக்கிறது. யூடியூபில் பார்த்து நான்கு மாதமாக நாளுக்கு நூறு தடவை கீகல் பயிற்சி செய்தேன். கசிவு குறையவில்லை, வலி கூடியது. குடும்ப வைத்தியர் சிறுநீரைப் பரிசோதித்துக் கிருமி இல்லையென்று சொல்லி, இடுப்புத்தளப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். பிசியோதெரபிஸ்ட் உட்பரிசோதனை செய்யக் கேட்டார்; கூச்சத்தில் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அடுத்த முறை போனபோது அக்குபங்சரும் சேர்த்துச் செய்யலாம் என்றார். ஊசியை எங்கே குத்துவார்கள்? ஊசியாலேயே மாறுமென்றால் உட்பரிசோதனையைத் தவிர்க்கலாமா? மூன்றாவது பிள்ளையும் வேண்டுமென்று நினைக்கிறோம். அதற்கு இது தடையா? எனது காப்புறுதியில் பிசியோதெரபிக்கு வருடத்துக்கு 500 டொலர்தான் உண்டு. "பிள்ளை பெத்தவளுக்கு இது வாறதுதான், ஊசி குத்திக் காசைக் கரைக்காதே" என்கிறார் அம்மா.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் பெரும்பாலும் ஊசியைப் பற்றியவை. ஆனாலும் கடிதத்தின் நடுவே நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். நான்கு மாதம், நாளொன்றுக்கு நூறு தடவை, இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் கீகல் பயிற்சியைச் செய்தும் கசிவு குறையாமல் வலி கூடியது என்கிறீர்கள். ஒரு சிகிச்சையாளருக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி அதுதான்.

இடுப்புத்தளத் தசைகள் முன்புறத்து இடுப்பெலும்பிலிருந்து வாலெலும்பு வரை ஓர் ஏணையைப் போலக் கட்டப்பட்டு, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. இருமும் கணத்தில் அவை சட்டென்று இறுகிச் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். இருமல் அடங்கியதும் முழுவதுமாகத் தளர வேண்டும். இந்தத் தளர்ச்சியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிரசவத்தில் ஏற்பட்ட கிழிவு, தையல், வலிக்கு அஞ்சி உடல் தன்னையறியாமல் இறுக்கிக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றால் ஒரு பக்கத் தசை எந்நேரமும் பாதி இறுகிய நிலையிலேயே நின்றுவிடலாம். பொத்திய கையால் இன்னொரு பொருளைப் பற்ற முடியாததைப் போல, ஏற்கெனவே இறுகிநிற்கும் தசைக்கு இருமல் வரும்போது மேலும் இறுக இடமில்லை. ஆகவே சிறுநீர் கசிகிறது. அதே தசையைத் தினமும் நூறு தடவை மேலும் இறுக்கினால் வலி கூடாமல் என்ன செய்யும்? ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொல்கிறேன்: பிரித்தானிய தேசியச் சிகிச்சை வழிகாட்டி பரிந்துரைப்பது, தசையை முதலில் பரிசோதித்துவிட்டு, ஒரு நேரத்துக்குக் குறைந்தது 8 தடவையாக நாளுக்கு மூன்று நேரம், குறைந்தது மூன்று மாதம், ஒருவருடைய மேற்பார்வையில் செய்யும் பயிற்சியை. அது நாளுக்குக் குறைந்தது 24 தடவை.

உங்கள் இடப்பக்கத் தசைதான் இறுகியிருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இறுக்கமா, பலவீனமா, இரண்டும் கலந்ததா என்பது இதுவரை ஒருவருக்கும் தெரியாது, ஏனெனில் ஒருவரும் இன்னும் பார்க்கவில்லை. ஊசியால் உட்பரிசோதனையைத் தவிர்க்கலாமா என்ற உங்கள் கேள்வி இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. தவிர்க்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் எந்தத் தசை, எந்தப் பக்கம், எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் குத்தும் ஊசி, வீட்டு இலக்கம் எழுதாமல் தபாலில் போட்ட கடிதம்.

உட்பரிசோதனை என்றதும் வைத்தியசாலையில் கால்களை உயர்த்தி வைத்து உலோகக் கருவி நுழைத்த நினைவுதான் நம் பெண்கள் பலருக்கு வருகிறது. இடுப்புத்தளப் பிசியோதெரபியில் நடப்பது அதுவல்ல. கால் தாங்கி இல்லை, உலோகக் கருவி இல்லை. இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருக்க, கையுறை அணிந்த ஒரு விரலால் தசையின் இறுக்கத்தையும், இறுக்கச் சொன்னால் இறுகுகிறதா, விடச் சொன்னால் விடுகிறதா என்பதையும் வலமும் இடமுமாகப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் சிகிச்சையாளர்தான் வேண்டும் என்று கேட்கலாம். கணவரையோ சகோதரியையோ கூட வைத்திருக்கலாம். ஆரம்பித்த பின்னும் "போதும்" என்ற ஒரு சொல்லில் நிறுத்தலாம். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், வெளிப்புறமாகத் தொட்டுப் பார்ப்பதும், அடிவயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துத் தசை அசைவதைத் திரையில் பார்ப்பதும் உண்டு. அவற்றால் ஓரளவு தெரியும். உங்களைப் போல ஆழத்தில் ஒரு பக்கம் வலிப்பவருக்கு அந்த ஓரளவு போதாமல் போகலாம். நீங்கள் செய்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவரான அமெரிக்க மகளிர் வைத்தியர் ஆர்னல்ட் கீகல், 1948 இல் அதைப் பற்றி எழுதியபோது, யோனிக்குள் வைத்துத் தசையின் அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் சேர்த்தே அறிமுகப்படுத்தினார். தசை சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பதும் அவருடைய முறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. காணொளிகளில் பயிற்சி மட்டும் வந்து சேர்ந்தது. பார்த்தறிதல் விடுபட்டுப் போயிற்று.

இனி ஊசி. உங்கள் அச்சத்தை முதலில் நீக்குகிறேன்: பிறப்புறுப்பில் ஊசி குத்துவதில்லை. இடுப்புத்தளப் பிரச்சினைக்கு வழக்கமாக ஊசி இடும் இடங்கள், முதுகின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பின் மேல், பிட்டத்தின் தசைகளில், முழங்காலுக்குக் கீழே, கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே, சில வேளைகளில் அடிவயிற்றில். ஆழத் தசையின் வலி முடிச்சை நேராகத் தொடும் ஊசிமுறையில் தனிப் பயிற்சி பெற்ற சிலர், ஆசனவாயை அண்டிய பகுதியிலும் செய்வதுண்டு. அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்டாக வேண்டும், முதல் சில வாரங்களில் அது உங்களுக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊசி மிக மெல்லியது, பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், கிருமி நீக்கிய உறையில் வரும், ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடுவார்கள். தடுப்பூசி போல மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. குத்தும்போது ஒரு சிறு சுருக்கும், பின்பு அவ்விடத்தில் பாரமாகவும் கடுப்பாகவும் ஓர் உணர்வும் இருக்கும். அந்தக் கடுப்பை, ஊசி சேர வேண்டிய ஆழத்தைச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஊசி மரபில் கொள்வார்கள்.

கணுக்காலில் குத்தினால் சிறுநீர்ப்பைக்கு என்ன ஆகும் என்று என்னிடம் வரும் எல்லோரும் கேட்கிறார்கள்; கேட்கத்தான் வேண்டும். முக்கோண எலும்பிலுள்ள துளைகளின் வழியாக வெளிவரும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நரம்புகளே சிறுநீர்ப்பைக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும் கட்டளை கொண்டுபோகின்றன. சீன மருத்துவத்தின் பழைய புள்ளிகளில் சில அந்தத் துளைகளுக்கு நேர் மேலேயே அமைந்திருக்கின்றன. கணுக்காலின் உட்புறம் புடைத்து நிற்கும் எலும்பிலிருந்து நான்கு விரற்கடை மேலே இருக்கும் புள்ளிக்கு அருகே ஓடும் நரம்பும், தண்டுவடத்தின் அதே அடிப்பகுதியில்தான் போய்ச் சேர்கிறது. எனவே அங்கே கொடுக்கும் தூண்டல், சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி அனுப்பும் அவசரச் செய்தியை அடக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. இதையே அடிப்படையாகக் கொண்டு, கணுக்காலுக்கு மேலே ஒரு மெல்லிய ஊசியை இட்டு வாரம் ஒருமுறை 30 நிமிடம் மின்தூண்டல் கொடுக்கும் முறை சிறுநீரியல் மருத்துவத்தில் தனியாக வளர்ந்தது. 2010 இல் அமெரிக்காவில் 220 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 54.5 சதவீதத்தினரும் போலித் தூண்டல் பெற்றவர்களில் 20.9 சதவீதத்தினரும் நல்ல முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். கதவில் திறப்பைப் போட்டவுடன் ஓடும் உங்கள் அவசரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இருமும்போது வரும் கசிவுக்கு ஊசி உதவுமா என்பதை, 2017 இல் வெளியான ஒரு சீன ஆய்வை வைத்துச் சொல்கிறேன். 12 வைத்தியசாலைகளில் 504 பெண்கள். பாதிப்பேருக்கு முக்கோண எலும்புப் பகுதியில் மின்தூண்டலோடு ஊசி, மற்றப் பாதிக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசி. ஆறு வாரத்தில் 18 தடவை. கசிவை உறிஞ்சும் பாட் ஒன்றை ஒரு மணி நேரம் அணிய வைத்து எடை பார்த்தபோது, தொடக்கத்தில் இரு பிரிவினருக்கும் ஏறத்தாழ 18, 19 கிராம் கசிவு இருந்தது. ஆறாம் வாரத்தில் உண்மை ஊசி பெற்றவர்களுக்கு 9.9 கிராமும் போலி ஊசி பெற்றவர்களுக்கு 2.6 கிராமும் குறைந்திருந்தன. சிகிச்சை நின்று ஆறு மாதத்தின் பின்னும் இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தது. நல்ல முடிவுதான், சந்தேகமில்லை. ஆயினும் இதை வாசிக்கும்போது இரண்டு விடயங்களைக் கவனிக்கும்படி கேட்கிறேன். ஒன்று, கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, நின்றுவிடவில்லை. மற்றது, வாரத்துக்கு மூன்று தடவை என்ற அந்த அளவு. ஸ்காபரோவில் கைக்குழந்தையையும் வேலையையும் வைத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் வர யாரால் முடியும்? மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான்கு ஊசி போட்டுவிட்டு, அந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்கச் சொல்வது நேர்மையாகாது.

பயிற்சியின் பக்கத்தில் இருக்கும் சான்று இதைவிடக் கனமானது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான மீளாய்வில், இருமல் தும்மலில் கசியும் பெண்களுள் இடுப்புத்தளப் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதத்தினர் கசிவு முற்றாக நின்றதாகச் சொன்னார்கள். சிகிச்சை இல்லாதவர்களில் 6 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். இருமலில் வரும் கசிவும் அவசரத்தில் வரும் கசிவும் கலந்த பெண்கள் 500 பேரிடம் சீனாவில் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில், மின்தூண்டல் ஊசி தனியாகவும், பயிற்சியும் மாத்திரையும் சேர்ந்தும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. ஆனால் அங்கும் ஊசி 12 வாரத்தில் 36 தடவை.

வலியைப் பொறுத்தவரை ஊசிக்கு இருக்கும் பெரிய சான்று ஆண்களிடமிருந்து வருகிறது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 440 ஆண்களிடம் நடத்தி 2021 இல் வெளியான ஆய்வு அது. எட்டு வாரத்தில் 20 தடவை ஊசி பெற்றவர்களில் 60.6 சதவீதத்தினரும் போலி ஊசி பெற்றவர்களில் 36.8 சதவீதத்தினரும் பயன் கண்டார்கள். பெண்களுக்கு, உடலுறவின்போது யோனி வாயிலில் வரும் வலிக்காகக் கியூபெக்கில் 212 பேரிடம் நடத்தி அதே 2021 இல் வெளியான ஆய்வில், மரக்கச்செய்யும் களிம்பைவிடப் பிசியோதெரபியே தெளிவாக மேலோங்கியது. கைவழிச் சிகிச்சை, தசையைத் தளர்த்தப் பழகுதல், படிப்படியாக விரிவுக்குப் பழக்குதல் எல்லாம் அதில் அடக்கம்; ஊசி அதில் இல்லை. உங்கள் வலி வாயிலில் இல்லாமல் உள்ளே இடப்பக்கம் என்பதால் அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், வேலை எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இந்த இடத்தில் ஒன்று: 14 மாதமாகத் தாய்ப்பால் கொடுக்கும் உடலில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓர்மோன் குறைந்திருக்கலாம், அதனால் யோனி உலர்ந்து, உடலுறவில் எரிவும் வலியும் வரலாம். ஊசியும் பயிற்சியும் அதைத் தீர்க்கா. நல்ல வழுவழுப்புத் திரவம் ஒன்றைப் பயன்படுத்துங்கள், தேவையானால் யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரஜன் களிம்பைப் பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்படியானால் ஊசி எதற்கு? பத்தொன்பது வருடமாக இடுப்புத்தளப் பிசியோதெரபி செய்கிறேன். ஊசி இடவும் பதிவு பெற்றிருக்கிறேன். எனக்கு ஊசிமேல் வெறுப்பு இல்லை. தொடவே விடாத அளவுக்கு வலிக்கும் தசையை, இருபது நிமிட ஊசி, அன்றைய மீதி நேரத்துக்கு இளக்கித் தருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இளகிய நேரத்தில், "இப்போது விடுங்கள், இன்னும் கொஞ்சம் விடுங்கள்" என்று சொல்லித் தளர்வதென்றால் எப்படியிருக்கும் என்பதை அந்தப் பெண்ணின் உடலே முதன்முதலாக அறிந்துகொள்கிறது. ஊசியின் பயன் அந்தச் சந்தர்ப்பத்தை உண்டாக்கித் தருவதில்தான் இருக்கிறது. ஊசியை எடுத்துவிட்டு "அடுத்த வாரம் வாருங்கள்" என்று வீட்டுக்கு அனுப்பினால் அந்தச் சந்தர்ப்பம் வீணாகிறது. வேறோர் இடத்தில் இருபது தடவைக்கு மேல் ஊசி பெற்று, ஒருமுறைகூட ஒருவரும் தசையைப் பார்க்காத நிலையில் என்னிடம் வந்த பெண்கள் உண்டு. அவர்களுடைய காசும் காலமும் போன விதம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காப்புறுதிக்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் தம் சிகிச்சையின் பகுதியாக இடும் ஊசி, பெரும்பாலான திட்டங்களில் பிசியோதெரபிக் கணக்கிலேயே கழியும்; ஊசிக்கென்று தனித் தொகை இருந்தாலும் அது அக்குபங்சர் நிபுணராகப் பதிந்தவரிடம் போவதற்குரியது. முதல் நாளிலேயே இதைக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். உங்கள் 500 டொலர் நான்கு தடவைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் தடவையை முழுப் பரிசோதனைக்கும், கீகல் பயிற்சியை உடனே நிறுத்தி வயிற்றுச் சுவாசத்தோடு தசையை விடப் பழகுவதற்கும் செலவிடுவேன். வலி அதற்கே இடம்கொடுக்கவில்லை என்று தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் ஊசியைச் சேர்த்துக்கொள்வேன். ஊசி இருக்கும் நிமிடங்கள் போக மீதி நேரம் முழுவதும் கைவழிச் சிகிச்சையும் பயிற்சியும் நடக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவேன். தசை விடப் பழகிய பின்புதான் இறுக்கும் பயிற்சி திரும்ப வர வேண்டும், அதுவும் இருமலுக்குச் சற்று முன்பே இறுக்கிக்கொள்ளும் பழக்கமாக. அவசரத்துக்கு, கணுக்காலின் மேல் ஒட்டும் பட்டைகளோடு கூடிய சிறு மின்தூண்டல் கருவி ஒன்றை வாங்கி வீட்டிலேயே செய்யலாம், ஊசி தேவையில்லை. எந்த அளவில், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார்.

ஒன்ராறியோவில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உட்பரிசோதனை செய்வதற்கும் ஊசி இடுவதற்கும் அவர்களுடைய தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பிசியோதெரபிஸ்ட்கள் கல்லூரியில் தனித்தனியே பதிந்திருக்க வேண்டும். கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் இரண்டும் உண்டா என்று தெரியும். பாருங்கள், அவரை அவமதிப்பதாக நினைக்க வேண்டாம்.

ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வெள்ளிக்கிழமை விரதத்தோடு வந்து மேசையிலேயே மயங்கியவர்களை நான் அறிவேன். விரத நாளில் நேரம் கேட்க வேண்டாம். இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவரானால், இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், நிக்கல் போன்ற உலோகத்துக்கு ஒவ்வாமை இருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். ஜேர்மனியில் இரண்டு இலட்சத்து இருபத்தொன்பதாயிரம் நோயாளரைக் கவனித்த ஆய்வில் 8.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலானவை சிறு கண்டலும் இரத்தக் கசிவும் வலியும்தான். தாய்ப்பாலுக்கு இதனால் கேடில்லை.

மூன்றாவது பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை தடையே இல்லை. கருத்தரித்திருக்கக்கூடும் என்ற ஐயம் வந்தவுடன் சொல்லிவிடுங்கள். கணுக்காலுக்கு மேலேயும் முக்கோண எலும்பிலும் இருக்கும் அந்தப் புள்ளிகளைக் கர்ப்பத்தில் தவிர்ப்பது நெடுநாள் மரபு, மின்கருவியையும் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த முறை போவதற்கு முன் மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன குடித்தீர்கள், எத்தனை தடவை போனீர்கள், எப்போது கசிந்தது, இருமலிலா அவசரத்திலா, வலி பத்துக்கு எத்தனை. அந்தத் தாளை முன்னால் வைத்து, "இதில் எந்த எண் எத்தனை தடவைக்குள் மாற வேண்டும், மாறாவிட்டால் ஊசியை எப்போது நிறுத்துவோம்?" என்று கேளுங்கள். நான்கைந்து தடவையில் அந்த எண்கள் அசையாவிட்டால் நான் ஊசியை நிறுத்திவிடுவேன். இதற்கிடையில் சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு எரிவு வந்தாலோ, பிசியோதெரபிக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்; பிறப்புறுப்பையும் பிட்டத்தையும் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் திடீரென்று வராமல் நின்றாலோ, உடனே வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாக. பிள்ளை பெற்றவளுக்கு இது வருவதுதான் என்று அவர் சொல்வதில் பாதி உண்மை, பலருக்கும் வருகிறது. வந்தால் சுமந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது உண்மையில்லை. மொன்றியலிலும் ஷேர்புரூக்கிலும் 60 வயதைக் கடந்த 362 பெண்களிடம் நடத்தி 2020 இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரப் பயிற்சிக்குப் பின், ஒரு வருடம் கழித்தும் கசிவு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தே இருந்தது. எட்டுப் பேர் சேர்ந்த குழுவாகச் செய்தவர்களுக்கும் தனித்தனியே செய்தவர்களுக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படிச் சொல்லும் அம்மாக்கள் பலர் தாங்களே முப்பது நாற்பது வருடமாகப் பாட் வைத்துக்கொண்டு கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வருகிறவர்கள் என்பதை என் சிகிச்சை அறையில் கண்டிருக்கிறேன். ஒரு நாள் இருவரும் தனியே இருக்கும்போது, "அம்மா, உங்களுக்கும் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். 65 வயதைக் கடந்தவரானால், வைத்தியரின் கடிதத்தோடு, ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையில் பிசியோதெரபி பெறக்கூடிய நிலையங்கள் உண்டு. இடுப்புத்தளச் சிகிச்சை அங்கே செய்கிறார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.